நிறைகுடமும் நில அதிர்ச்சியும்

"நிறைகுடம் தளும்பாது" என்பது தமிழ்மக்கள் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கல்வி நிரம்பியோர் அடங்கியிருப்பர், நிரம்பாதோர் ஆரவாரம் செய்வர் என்னும் கருத்தை விளக்க ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் எடுத்துக்காட்டுவர். பழமொழியின் உட்பொருள் பற்றி வழக்கில்லை. ஆனால், அதன் வெளிப்பொருள் முற்றிலும் உண்மைதானா என்னும் வினாவை இருபதாம் நூற்றாண்டின் பொறியியல் அறிஞர்கள் எழுப்ப நேர்ந்தது. அவர்கள் ஆராய்ந்த குடம் மட்குடமன்று. எண்ணெயும் நீரும் தேக்கிவைக்கும் இரும்புத் தொட்டி. அதனை அசைத்தது நீர் சுமந்து செல்லும் பெண்ணின் நடையன்று, நிலநடுக்கம்.

கிள்ளான் துறைமுகப் பகுதியில் இத்தகைய தொட்டிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவை அங்கு வந்து சேர்ந்த கதை தமிழ்த் தொழிலாளரின் கதையோடு பின்னிக் கிடப்பது. 1901ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரோடு திறக்கப்பெற்று, 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய அத்துறையைக் கோலாலம்பூரோடு இணைத்தது இருப்புப்பாதை. அந்த இருப்புப்பாதையில் உழைத்த தமிழகத்தாரும், கணக்கெழுதிய யாழ்ப்பாணத்தாரும் பெருகிக் குடியிருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். தொடக்கக் காலத்தில் கப்பலேறிய பெரும்பொருள்கள் வெள்ளீயமும் ரப்பரும். ஈயக் கட்டிக்குத் தொட்டி வேண்டுவதில்லை; ரப்பர்த் தகட்டுக்கும் வேண்டுவதில்லை. 1917இல் கோலசிலாங்கூரை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் செம்பனை வாணிக நோக்கில் பயிரிடப்பட்டது. 1960களுக்குப் பின்னர் ரப்பர் மரங்கள் வெட்டப்பெற்ற இடமெல்லாம் செம்பனை பரவியது. எண்ணெயை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்ற இயலாது. ஆலையிலிருந்து லாரியில் வருவதை ஓரிடத்தில் தேக்கி, உறைந்துவிடாதபடி இளஞ்சூட்டில் வைத்திருந்து, கப்பல் வந்ததும் குழாய் வழியே செலுத்த வேண்டும். ஆகவே தொட்டிகள் எழுந்தன. நகரம் பெருகப் பெருகப் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் தொட்டிகள் வேண்டியிருந்தன. பூலாவ் இண்டாவில் மேற்குத் துறைமுகம் அமைந்தபோது அங்கும் நீர்மப் பொருள்களுக்கெனத் தனி இடம் ஒதுக்கப்பட்டது.

இத்தொட்டிகளைக் காண்போர்க்கு அவை மலைபோல் அசையாதவை என்றே தோன்றும். 40 மீட்டர் விட்டமும் 15 மீட்டர் உயரமும் உடைய ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். அது நிறையச் செம்பனை எண்ணெய் இருந்தால் எண்ணெயின் எடை மட்டும் ஏறத்தாழ 17,000 டன் ஆகும். அதனைத் தாங்கும் இரும்பின் எடையோ சில நூறு டன்தான். சுவரின் அடிப்பகுதி 20 மில்லிமீட்டர் தடிப்புடையது எனக் கொண்டால், விட்டம் தடிப்பைப்போல் 2,000 மடங்கு. 8 சென்டிமீட்டர் வாயகலமுள்ள தேநீர்க் குவளை ஒன்றை இதே அளவு விகிதத்தில் செய்ய முற்பட்டால், அதன் சுவர் நாம் எழுதும் தாளில் பாதித் தடிப்புக்கூட இராது. மலைபோல் தோன்றுவது உண்மையில் ஒரு மெல்லிய தோலே. அத்தோலை நிமிர்த்தி நிறுத்துவது உள்ளே இருக்கும் நீர்மத்தின் அழுத்தம்.

இவற்றுள் பல நங்கூரமற்ற தொட்டிகள் என்னும் வகையைச் சேர்ந்தவை. கப்பலுக்கு நங்கூரம் இருப்பதுபோலத் தொட்டிக்கும் நங்கூரம் உண்டு. சுவரின் அடிவிளிம்பைக் கான்கிரீட் அடித்தளத்தோடு பிணைக்கும் தடித்த ஆணிகளே அவை. அகன்ற பெருந்தொட்டிகளுக்கு அவ்வாணிகளை இடுவது உலகெங்கும் பொதுவழக்கமன்று. செப்பமிட்ட மண்மேட்டின்மீதோ வளையமான கான்கிரீட்டின்மீதோ தொட்டி வெறுமனே அமர்ந்திருக்கும். பல்லாயிரம் டன் எடை அமுக்கிக்கொண்டிருக்கையில் ஆணி எதற்கு என்பதே கட்டியோர் எண்ணம். காற்றுக்கு அவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்தியது, நிலநடுக்கத்திற்குப் பொருந்தவில்லை.

அசையும் தொட்டிக்குள் நீர் என்ன செய்கிறது என்னும் ஆராய்ச்சி அணைகளில் தொடங்கியது. 1933இல் வெஸ்டர்கார்டு என்பார், நிலம் அதிரும்போது அணையின் முகத்தில் நீர் செலுத்தும் அழுத்தத்தைக் கணக்கிட்டு வெளியிட்டார். அதே ஆண்டில் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரை நிலநடுக்கம் தாக்கியது. மறு ஆண்டு ஹாஸ்கின்ஸ், ஜேக்கப்சன் என்னும் இருவர், நிலநடுக்கத்தைப் போலச் செயற்கையாக அசைக்கப்பட்ட தொட்டியொன்றில் நீரின் அழுத்தத்தை அளந்து கட்டுரை எழுதினர். ஆயினும், கட்டுவோர் கையில் எடுத்தாளத்தக்க எளிய முறை கிடைக்க இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. அதனை வகுத்தளித்தவர் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஜார்ஜ் ஹவுஸ்னர். 1960 மே மாதத்தில் சிலி நாட்டை உலுக்கிய நிலநடுக்கங்களில் உயரத்தில் நின்ற நீர்த்தொட்டிகள் பல சிதைந்தன. வேறு பல சிதையாமல் நின்றன. ஏன் சில வீழ்ந்தன, ஏன் சில நின்றன என்னும் கேள்விக்கு விடை தேடியே 1963இல் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது.

ஹவுஸ்னரின் விளக்கம் இதுதான்: தொட்டியில் இருப்பது ஒரே நீராயினும் அசைவின்போது அது இரு நீராகப் பிரிந்து நடந்துகொள்கிறது. அடியிலுள்ள பகுதி சுவரோடு ஒட்டிக்கொண்டு, தானும் இரும்பின் ஒரு கூறே என்பதுபோல விரைந்து முன்னும் பின்னும் செல்லும். மேலேயுள்ள பகுதி அவ்விரைவுக்கு ஈடுகொடுக்காமல், தனக்கே உரிய மெதுவான தாளத்தில் ஒருபுறம் எழுந்தும் மறுபுறம் தாழ்ந்தும் தளும்பும். முற்கூறிய 40 மீட்டர்த் தொட்டியில் ஏறத்தாழப் பத்தில் நான்கு பங்கு முதல்வகை. ஆறு பங்கு இரண்டாம் வகை. தொட்டி ஒடுங்கி உயர உயர முதற்பங்கு பெருகும். அகன்று தாழத் தாழ இரண்டாம் பங்கு பெருகும்.

தளும்பலின் தாளம் கலத்தின் அகலத்தைப் பொறுத்தது. தேநீர்க் குவளையில் ஒருமுறை தளும்பி மீள ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே ஆகும். ஒரு சாண் அகலத்திற்குச் சற்று மிகுந்த குடத்தில் அரை நொடிக்குச் சற்று மேல். மனிதர் இயல்பாக நடக்கையில் ஓரடி எடுத்து வைக்கவும் ஏறத்தாழ அரை நொடியே ஆகின்றது. நடையின் தாளமும் நீரின் தாளமும் ஒத்துப்போவதாலேயே குறைகுடம் கூத்தாடுகிறது. பால் கொண்டு செல்வோர் பால்மேல் வைக்கோலை மிதக்கவிடும் வழக்கமும் இத்தளும்பலை அடக்கும் உபாயமே. பௌதிக நூல் கற்று அதனைச் செய்தாரில்லை. இனி, 40 மீட்டர்த் தொட்டியில் தளும்பலின் காலம் ஏழு நொடி. 80 மீட்டர் விட்டமும் 20 மீட்டர் ஆழமும் இருந்தால் ஏறத்தாழப் பதினொரு நொடி. இவ்வெண்களை நினைவில் இருத்துதல் நன்று. கிள்ளானுக்கு உரிய செய்தி இவற்றிலேதான் அடங்கியிருக்கிறது.

1964ஆம் ஆண்டு இவ்வாராய்ச்சியின் திருப்புமுனை. அவ்வாண்டு மார்ச் 27ஆம் நாள் அலாஸ்காவில் 9.2 அளவுடைய நிலநடுக்கம் நேர்ந்தது. அங்கு நங்கூரமின்றி நின்ற எண்ணெய்த் தொட்டிகளை ஆராய்ந்தபோது தெரிந்த உண்மை பழமொழிக்கு நேர்மாறாக இருந்தது. நிரம்பியோ நிரம்பும் தறுவாயிலோ இருந்த தொட்டிகளே பெரிதும் கெட்டன. குறைவாக இருந்தவை பெரும்பாலும் தப்பின. 1980 ஜனவரியில் கலிபோர்னியாவின் லிவர்மோர் பள்ளத்தாக்கில் நேர்ந்த நடுத்தர நடுக்கமும் இதற்குச் சான்றாயிற்று. அங்கே நசுங்கியவை திராட்சை மது நிரம்பிய எஃகுத் தொட்டிகள்.

காரணம் விளங்குவது கடினமன்று. நிலம் விரைந்து அசையும்போது சுவரோடு ஒட்டிய நீர் ஒருபுறமாகத் தள்ளுகிறது. தொட்டி கவிழ முயல்கிறது. ஆணி இல்லாமையால் ஒருபக்க விளிம்பு தரையைவிட்டு எழும்புகிறது. பல்லாயிரம் டன் எடை அதனை அமுக்கியிருக்க வேண்டாவோ எனின், வேண்டும்தான். ஆனால், அடித்தகடு மெல்லியது. எழும்பும் விளிம்பை ஒட்டிய குறுகிய பட்டையின்மீதுள்ள நீர் மட்டுமே அதனைப் பிடித்து நிறுத்துகிறது. நடுவிலுள்ள நீர் தகட்டை வளையவிட்டுத் தான் சும்மா இருந்துவிடுகிறது. விளிம்பு எழும்ப எழும்ப எதிர்ப்பக்கச் சுவரின் சிறு வளைவொன்றில் சுமையெல்லாம் வந்து குவிகிறது. உள்ளிருந்து நீர் வெளியே தள்ள, மேலிருந்து சுமை அழுத்த, அச்சுவர் அடியிலே வெளிப்புறமாகப் பிதுங்கிவிடுகிறது. இதற்கு அறிஞர் இட்ட பெயர் யானைப்பாத வீக்கம். யானைக்கால் நோயைக் கண்டறிந்த பழைய தோட்டத்து மக்களுக்கு இப்பெயர் விளக்கமின்றியே விளங்கியிருக்கும்.

இன்னொரு கேடு சிறியது. ஆனால், அடிக்கடி நேர்வது. தொட்டியோடு இறுகப் பொருத்திய குழாய் தரையில் ஊன்றி நிற்கிறது. தொட்டியின் விளிம்பு ஒரு சாண் எழும்பினாலும் குழாய் அதனோடு எழ மாட்டாது. பொருத்துவாய் கிழிகிறது, உள்ளிருப்பது வெளியேறுகிறது. 2001 ஜனவரி 26இல் குஜராத்தை நிலைகுலைத்த நிலநடுக்கத்தின்போது, காண்ட்லாத் துறைமுகத்துச் சேமிப்புத் தொட்டியிலிருந்து அக்ரிலோநைட்ரைல் என்னும் நச்சு நீர்மம் கசிந்தது. காண்ட்லாவும் கிள்ளானைப் போலக் கடலோரத்து மென்மண்ணில் அமைந்த துறைமுகமே. அந்நிகழ்ச்சிகளுக்குப் பின்னர் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம், குஜராத் பேரிடர் நிர்வாக அமைப்பின் துணையோடு, நீர்மத் தொட்டிகளுக்கென வழிகாட்டி நூலொன்றை 2007இல் வெளியிட்டது.

அங்ஙனமாயின் எல்லாத் தொட்டிக்கும் ஆணியிட்டுவிடலாமே என்று தோன்றும். செய்தி அவ்வளவு எளிதன்று. விளிம்பு எழும்பி அமரும் தொட்டி, ஆடி அமரும் நாணலைப்போல அதிர்ச்சியின் வேகத்தில் ஒரு பகுதியைக் கழித்துவிடுகிறது; அதன் ஆட்டம் மெதுவாகிறது; அது ஏற்கும் விசை குறைகிறது. பிணித்த தொட்டி அவ்விசை முழுவதையும் ஆணிகளிலும் அடித்தளத்திலும் ஏற்றியாக வேண்டும். ஆணியே பிடுங்கிக்கொண்டாலோ சுவரையும் சேர்த்துக் கிழிக்கக்கூடும். பிரவீண் மல்ஹோத்ரா, வெலட்சோஸ் என்னும் இருவர் 1994இல் வெளியிட்ட ஆய்வு நங்கூரமற்ற தொட்டியின் இவ்வெழும்பலைக் கணக்குக்குள் கொண்டுவந்தது. நங்கூரமின்மையைக் குற்றமென்றே கருதிவந்தோர்க்கு அது கண்திறப்பாய் அமைந்தது எனலாம்.

இதுகாறும் கூறியவை நிலநடுக்கத்திற்கு அண்மையில் நிற்கும் தொட்டிகளின் கதை. சேய்மையில் நிற்பவற்றின் கதை வேறு. 1964 ஜூன் 16இல், அலாஸ்கா நிகழ்ந்து மூன்று திங்கள் கழியுமுன், ஜப்பானின் நீகாட்டா நகரில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெய்த் தொட்டியின் மேற்பரப்பு தளும்பியது. அத்தகைய தொட்டிகளில் கூரை எண்ணெயின் மேலேயே மிதந்துகொண்டிருக்கும். தளும்பலில் அக்கூரை சுவரோடு மோதி உராய்ந்தது, தீ பற்றியது. அத்தீ இரண்டு வாரங்கள் எரிந்தது. 1999 ஆகஸ்டில் துருக்கியின் இஸ்மித் வட்டாரத்து ஆலையிலும் இவ்வகைத் தீ பல நாள் எரிந்தது.

இவற்றைக் காட்டிலும் கிள்ளானுக்கு நெருங்கிய பாடம் 2003இல் கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 26இல் ஜப்பானின் ஹொக்கைடோத் தீவுக்கு அப்பால் கடலில் 8.3 அளவுடைய நடுக்கம் நேர்ந்தது. மையத்திலிருந்து 200 கி.மீ.க்கு மேல் விலகியிருந்த தொமகொமாய் நகரில் சாதாரண வீடுகளை உலுக்கும் விரைந்த அதிர்வு தணிந்துவிட்டிருந்தது. ஆனால், அங்கிருந்த பெருந்தொட்டிகளின் எண்ணெய் தளும்பியது. மிதக்கும் கூரைகள் பல சிதைந்தன, சில மூழ்கின. ஒரு தொட்டி அன்றே தீப்பற்றியது. கூரை மூழ்கியதால் திறந்து கிடந்த நாப்தாத் தொட்டி ஒன்று இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 28இல், எரியத் தொடங்கியது.

தொலைவு தணிவிக்காததற்குக் காரணம் உண்டு. நிலநடுக்கம் ஒரே வகை அலையை எழுப்புவதில்லை. விரைந்த சிற்றலைகளும் மெதுவான பேரலைகளும் சேர்ந்தே புறப்படுகின்றன. பாறை வழியே செல்லச் செல்லச் சிற்றலைகள் தேய்ந்து மடியும். பேரலைகள் நெடுந்தொலைவு செல்லும். கோயில் திருவிழாவில் தொலைவிலுள்ளார்க்கு நாகசுர ஒலி மங்கித் தவிலின் அடி மட்டும் கேட்பது இத்தகையதே. வந்து சேரும் இடம் ஆழ்ந்த மென்மண்ணாயின் அப்பேரலை மேலும் பெருகும். 1985 செப்டம்பர் 19இல் மெக்சிகோ நகரம் இதனைக் கொடிய முறையில் கற்றது. நடுக்கத்தின் மையம் 350 கி.மீ.க்கு அப்பால் கடலோரத்தில் இருந்தது. பழைய ஏரிப்படுகையில் எழுந்த நகரமாதலால் அங்கு ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

இனிக் கிள்ளான் பள்ளத்தாக்கை நோக்குவோம். சுமத்திராவை நெடுக்காகப் பிளந்து செல்லும் பெரும்பிளவு கிள்ளானிலிருந்து ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவில் உள்ளது. அதற்கும் அப்பால், கடலடியில், பெருநடுக்கங்களின் பிறப்பிடம் கிடக்கிறது. 1833இலும் 1861இலும் அங்குப் பிறந்தவை மிகப் பெரியவை. அந்நாளில் கிள்ளானில் எண்ணெய்த் தொட்டியும் இல்லை, அடுக்குமாடியும் இல்லை. கோலாலம்பூரே 1861இல் ஈயம் தோண்டுவோரின் சிற்றூர். 1881இல் தீயும் வெள்ளமும் அழித்த பின்னரே அவ்வூரில் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்னும் கட்டளை பிறந்தது. பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் அச்செங்கற்சூளைகள் விட்டுச்சென்ற சின்னம். தீயை அஞ்சிக் கட்டப்பட்ட நகரம் அது. நிலம் அசையும் என்று அஞ்சுவதற்கு அன்று காரணம் தோன்றவில்லை.

அண்மைக் காலத்தில் அக்காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. 2004 டிசம்பர் 26, 2005 மார்ச் 28, 2007 மார்ச் 6, 2007 செப்டம்பர் 12, 2009 செப்டம்பர் 30, 2012 ஏப்ரல் 11 ஆகிய நாள்களில் சுமத்திராப் பக்கத்து நடுக்கங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் உணரப்பட்டன. 2009இல் பாடாங் நகரைத் தாக்கிய நடுக்கத்தின் மையம் கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 470 கி.மீ. தொலைவில் இருந்தது. தரையில் நின்றோர் பலர் ஒன்றும் அறியாதிருக்க, உயர்ந்த மாடிகளில் இருந்தோர் தலைசுற்றி இறங்கி ஓடினர். மாடிக்கட்டடம் மெதுவான அலைக்கு இசைந்து ஆடுவது. தொட்டியின் மேல்நீரும் அத்தகையதே. மாடியில் இருந்தோர் வாய்விட்டுச் சொன்னார்கள், தொட்டி சொல்லாது.

கிள்ளானின் மண்ணையும் கருதுதல் வேண்டும். கடலும் ஆறும் படியவைத்த மென்களிமண் துறைமுகப் பகுதியில் பல மீட்டர் ஆழத்திற்குப் படிந்துள்ளது. பெருஞ்சுமைகளைக் கட்டுவோர் அங்கு முளைத்தூண்கள் அடித்தே நிறுத்துவர். தூண்கள் தொட்டி அமிழ்வதைத் தடுக்கும். மெதுவான அலை மண்ணில் பெருகுவதைத் தடுக்கா.

ஆயினும், எல்லாத் தொட்டிக்கும் ஒரே அச்சம் இல்லை. செம்பனை எண்ணெய் எளிதில் தீப்பற்றுவதன்று. 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினாலன்றி அதன் ஆவி எரியாது. அத்தொட்டிகளுக்குக் கூரை சுவரோடு பொருத்தியே இருக்கும். தளும்பல் மிகுந்தால் எண்ணெய் கூரையின் உட்புறத்தை முட்டிக் கிழிக்கலாம். குழாய்வாய் விட்டுவிட்டால் எண்ணெய் ஆற்றிலும் அலையாத்திக் காட்டிலும் கலக்கலாம். அது பெரும் இழப்பே, ஆனால் நெருப்பன்று. பெட்ரோலும் நாப்தாவும் அவ்வாறல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கின் எரிபொருள் தேக்கங்களுள் மிதக்கும் கூரையுள்ளவை எவையோ அவற்றையே முதலில் ஆராய்தல் முறை. கடற்கோள் வேறொரு வகை. 2004இல் ஆச்சேயின் குருவெங் ராயா எண்ணெய்க் கிடங்கில் கடல் புகுந்து மூன்று தொட்டிகளைப் பெயர்த்து நெடுந்தொலைவு மிதத்திச் சென்றது. வெள்ளம் சூழும்போது மிதப்பது எடை குறைந்த தொட்டியே. குறைகுடத்திற்கும் அதன் நாள் உண்டு போலும்!

சட்டம் எப்போதும் இடருக்குப் பின்னரே வருகிறது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தொட்டி விதிகளில் நிலநடுக்கத்திற்கான பகுதி 1970களின் இறுதியிலேயே சேர்ந்தது. அலாஸ்கா நிகழ்ந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது. மிதக்கும் கூரைத் தொட்டிகள் மெதுவான அலையைத் தாங்க வேண்டும் என ஜப்பான் தன் விதிகளைத் திருத்தியது 2005இல், தொமகொமாய் எரிந்த பின்பு. மலேசியாவில் நெடுங்காலம் கட்டடங்கள் பிரிட்டிஷ் முறைமையைத் தழுவி நிலநடுக்கத்தைக் கருதாமலே எழுந்தன. 2015 ஜூன் 5இல் சபா மாநிலத்து ரானாவில் நேர்ந்த நடுக்கத்தில் கினபாலு மலையில் 18 பேர் உயிரிழந்தனர். ஐரோப்பிய நிலநடுக்க நெறிமுறைக்கான மலேசியத் தேசிய இணைப்பு 2017இல் வெளிவந்தது. அந்த ஐரோப்பிய நெறிமுறையின் நான்காம் பகுதி தொட்டிகளைப் பற்றியது. அதிலுள்ள எளிய கணக்கு முறைக்கு அடிப்படை மல்ஹோத்ராவும் அவருடன் உழைத்தோரும் வகுத்ததே.

புதிய நெறிமுறை புதிதாகக் கட்டுவதையே ஆளும். பல ஆண்டுகளாக நிற்கும் தொட்டி அதனைப் படித்துத் திருந்துவதில்லை. பழைய தொட்டிக்குச் செய்யத்தக்கவை சிலவே; அவை பெருஞ்செலவுடையனவும் அல்ல. இறுகிய குழாய்ப் பொருத்துக்கு மாறாக வளையும் பொருத்தை இடலாம். விளிம்பு எழும்பினால் அது நெகிழ்ந்து கொடுக்கும். சுற்றிலுமுள்ள காப்பு மதில், தொட்டியின் கொள்ளளவு முழுவதும் கொட்டினாலும் தாங்குமா என அளந்து பார்க்கலாம். மூன்றாவது வழிக்கு இரும்பும் வேண்டா, சிமிட்டியும் வேண்டா: தளும்பும் அலையின் உயரத்தைக் கணக்கிட்டு, அவ்வளவுக்கு மேல்மட்டத்தை நிரப்பாமல் விடுதல். 40 மீட்டர்த் தொட்டியில் ஒரு மீட்டர் குறைத்து நிரப்பினால் ஏறத்தாழ 1,250 கனமீட்டர் இடம் வெறுமையாய் நிற்கும். எண்ணெய் விலை ஏறிக் கப்பல்கள் காத்துநிற்கும் திங்களில் அவ்வெற்றிடத்தை விட்டுவைக்க எந்தக் கிடங்குக் கணக்கருக்கும் எளிதில் மனம் வாராது.